வில்வமும் ரப்பர் இலையும்

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் திருப்பனந்தாள் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா, சுங்கை பட்டாணி; இங்கே வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். "அடடே, வெளிநாட்டுக்காரங்க, தமிழ் எவ்வளவு நல்லாப் பேசுறீங்க!" என்று மனசாரப் பாராட்டினார். சுருக்கென்று இருந்தது. என் தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அதையெல்லாம் சொல்ல நினைப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. ஜூன் பிறந்தால் மேட்டூர் திறந்துவிட்டார்களா என்று நானும் கேட்கிறேன். பித்தளை டபராவில் காபி ஆற்றத் தெரியும். காலை வேளையில்தான் வாய் பழைய இடத்துக்குப் போய்விடும். வந்த புதிதில் ஒருநாள் "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன். மாமியார் பதறிப்போனார். நான்தான் பசி தாங்காமல் கேட்கிறேன் என்று நினைத்து, குளிக்கப் போனவர் திரும்பி வந்து எனக்கு நான்கு தோசை வார்த்தார். காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல் என்று விளக்கினேன். இப்போது அவரே அப்படிக் கேட்கிறார். அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் அடுப்படி ஞாபகம் வருகிறது.

அன்றைக்கு நான் போனது சிக்கல்நாயக்கன்பேட்டைக்கு, துணியில் குச்சியால் சாயம் தொட்டுப் படம் எழுதும் கலம்காரியைக் கற்றுக்கொள்ள. நாயக்கர் காலத்திலிருந்து தஞ்சைப் பக்கத்தில் இருந்துவரும் வேலை அது. கோயிலில் தொங்கும் தொம்பை, தோரணம், குடைச்சீலை, தேர்ச்சீலை எல்லாம் இப்படி எழுதியவைதான். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகப் பருத்தியோடு சரிகை சேர்த்து நெய்து, சாயம் படக்கூடாத கோடுகளை மெழுகால் மூடிவிட்டு, மற்ற இடத்தில் சாயம் ஏற்றிய சேலைகள் செய்தார்கள். அரண்மனை போனதும் அந்தச் சேலையும் போய்விட்டது. கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மெழுகு என்றதும் எனக்கு மலேசியாவின் கிளந்தான் மாநிலம் ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே, மெழுகால் வரைந்து துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு பாத்திக் பட்டறைக்குப் போயிருந்தோம். மூக்கு வைத்த சின்னச் செம்புக் கிண்ணத்தில் சூடான மெழுகை எடுத்து ஒரு மலாய் அக்கா துணியில் பூ வரைந்தார். நாங்கள் பார்க்கத்தான் பார்த்தோம், தொட விடவில்லை. ஆக, சாயத்தில் என் கை படுவது இதுதான் முதல் தடவை.

சிக்கல்நாயக்கன்பேட்டையில் நான் கற்றுக்கொள்ளப் போன வீட்டுப் பெரியவர் திண்ணையில் எனக்கு ஒரு துண்டுத் துணியை விரித்தார். கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பருத்தித் துணி. பாலில் கொழுப்பு இருப்பதால் சாயம் ஊறிப் பரவாதாம். எடுத்து முகர்ந்தேன். லேசான புளித்த வாடை. நல்ல வாசனை என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பால்மரக் காட்டிலிருந்து, அதாவது ரப்பர் தோட்டத்திலிருந்து, ஆயா (என் பாட்டி) வீடு திரும்பும்போது அவர் சட்டையில் இப்படித்தான் ஒரு புளிப்பு இருக்கும். ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பாலின் வாடை. மாட்டுப்பாலுக்கும் மரத்துப்பாலுக்கும் சம்பந்தமில்லைதான். மூக்குக்கு அது தெரியவில்லை.

"வாடை ஒத்துக்கலியாம்மா?" என்றார் பெரியவர். "இல்லைங்க ஐயா, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

கலம் என்பது நுனி சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே துணி சுற்றி நூலால் கட்டியிருக்கும். அந்தத் துணியுருண்டைதான் சாயத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. விரலால் மெல்ல அழுத்தினால் நுனிக்கு இறங்கும். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிட்ட கரைசல். சட்டியில் பார்த்தால் வெறும் பழுப்புத் தண்ணீர். இதிலா கறுப்பு வரும் என்று நினைத்துக்கொண்டே ஒரு கோடு இழுத்தேன்.

முதலில் கோடு வெளிறிக் கிடந்தது. பிறகு சாம்பல் ஆயிற்று. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிக்கொண்டு வந்து அடர்ந்த கறுப்பாக நின்றது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் துணிக்குள்ளேயே சேர்ந்து கறுப்பாகின்றன. காரணம் தெரிந்த பிறகும் ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்கு மூச்சு நின்றது. இன்னொன்று, இன்னொன்று என்று ஓரம் முழுக்கக் கோடு போட்டுவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்க மனம் வரவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் வேறு எதுவும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. சொந்தக்காரர்கள் படித்தால் வருத்தப்படுவார்கள். ஆனாலும் அதுதான் உண்மை.

அப்புறம் நடுவில் ஏதாவது எழுதிப் பாருங்கள் என்றார். கிளி, அன்னம், யாளி எதுவும் எனக்கு வராது. கை தானாக ஒரு ரப்பர் இலையைப் போட்டது. ஒரே காம்பில் மூன்று இலை. சின்ன வயதில் அந்தச் சருகுகளை மிதித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "பேஷ், வில்வம்! சிவன் கோயில் குடைக்கே வைக்கலாம்மா" என்றார். உள்ளே கூப்பிட்டு வீட்டம்மாவிடமும் காட்டினார். காம்பை மட்டும் இன்னும் கொஞ்சம் குட்டையாகப் போடச் சொன்னார்.

ஐயா, இது ரப்பர் இலை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. காம்பைக் குட்டையாக்கினேன்.

இலைக்குள் சிவப்பு ஏற்ற வேண்டும். அதற்குப் படிகாரக் கரைசலை நிரப்பினேன். காய்ந்ததும் நிரப்பிய இடமே தெரியவில்லை. துணியை அலசி, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவைத்தால்தான், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்குமாம். முன்பெல்லாம் இதற்குச் சோழமண்டலக் கரையின் மணலில் விளைந்த சாயவேர்தான். வானம் மூட்டமாக இருந்தது. வெயில் வரட்டும், அடுத்த வாரம் வாருங்கள், துணி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

இரவு அம்மாவோடு பேசினேன். வில்வக் கதையைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, சிவப்பு ஏறியதும் அதை அவருக்கு அனுப்பச் சொன்னார். துவைக்காமல் அனுப்பு என்றார், அந்த வாடையோடு.