சாப்மன் சுமந்த ஒரு பென்னிப் புத்தகங்கள்

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையப் பக்கத்தில் இன்று கண்ணில் பட்டது, ஒரு பழைய சிறு புத்தகம்.

அட்டையே இல்லை. முதல் பக்கம்தான் முகப்பு.

18-ஆம் நூற்றாண்டில் சாப்மன் எனப்பட்ட நாடோடி வியாபாரிகள் ஊசி, நூல், நாடாவோடு இதைப் போன்ற சிறு புத்தகங்களையும் மூட்டையில் சுமந்தார்கள். விலை பெரும்பாலும் ஒரு பென்னி.

இருபுறமும் அச்சடித்த ஒரே தாள். ஒரு புறம் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்கள். மறுபுறம் மற்ற எட்டுப் பக்கங்கள். பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். மூன்று முறை மடித்து, முதுகில் தைத்து, ஓரம் வெட்டினால் 16 பக்கம் வரிசையாக வரும். மடிப்பு விலகினால் வெட்டும்போது எழுத்தும் போய்விடும்.

மட்டமான தாள், அட்டையும் கிடையாது. அதனால் முதலில் கிழிவது வெளித்தாள். தலைப்பும் அச்சகத்தின் பெயரும் அதோடு போய்விடும். பல பிரதிகளுக்கு இன்று ஆண்டு சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

படங்களோ பழைய மரக்கட்டை அச்சுகள். கதைக்குப் பொருந்தாவிட்டாலும் மறுபடி மறுபடி பயன்பட்டன.

கிளாஸ்கோவின் டூகல் கிரஹாம் இந்தச் சிறு புத்தகங்களை விற்றதோடு நிற்கவில்லை, எழுதியும் இருக்கிறார். ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற 1745-இல் ஸ்காட்லாந்தில் எழுந்த கிளர்ச்சியைச் செய்யுளாகப் பாடியவர். பின்னாளில் அந்நகரத்தில் மணியடித்துச் செய்திகளை அறிவிப்பவரானார். எளிய மக்களின் வாசிப்பை வளர்த்த இவரைப் போன்றவர்களுக்கு இலக்கிய வரலாறு இன்னும் நிறைய இடம் தர வேண்டும்.