குளிர்காலக் கல்லடியிலிருந்து கார் பெயிண்டைக் காப்பது: அக்டோபருக்குள் முடிக்க வேண்டிய வேலை

கார் பெயிண்டில் கல் பட்டுத் தெறித்த புள்ளியை, பார்க்கத்தான் அசிங்கம், வேறொன்றுமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சாலையில் உப்புக் கொட்டாத ஊரில் அது ஓரளவு சரி. கனடாவின் ஒன்ராறியோவில் சரிவராது. நவம்பரில் பெயர்ந்த ஒரு புள்ளிக்குள் ஏப்ரல் வரை உப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். இரும்பு தெரிகிற ஆழத்துக்குப் பெயர்ந்திருந்தால், குளிர் முடிவதற்குள் புள்ளியைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளமாக எழும்பத் தொடங்கிவிடும். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கமிருந்து தினமும் 401, 404, 410 நெடுஞ்சாலைகளில் வேலைக்குப் போய்வருகிற தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பெயிண்டின் மேல் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது, டச்-அப் செய்வது (பெயர்ந்த புள்ளியில் பெயிண்ட் வைத்து மூடுவது), கல்தடுப்புப் பூச்சு அடிப்பது எல்லாமே வெதுவெதுப்பான இடத்தில்தான் சரியாக அமையும். ஆகவே அக்டோபர் தாண்டினால், சூடேற்றிய கராஜ் இல்லாதவர்களுக்கு வசந்தம் வரை ஒப்பேற்றுவதுதான் மிச்சம்.

குளிர்காலத்தில் கல்லடி கூடுவதற்குக் காரணம் பல. சாலை உப்பு −10 டிகிரிக்குக் கீழே போகப் போக மந்தமாகிவிடும். அப்போது பிடிமானத்துக்காக மணலும் பொடிக்கல்லும் தூவுவார்கள். பனியோடு உறைந்து கிடக்கும்வரை அதனால் தொல்லையில்லை. சாலை காய்ந்ததும் ஒவ்வொரு டயரும் அதை வாரி அடிக்கும். பகலில் உருகி இரவில் உறையும் தண்ணீர் தார்ச்சாலையின் வெடிப்புகளைப் பிளந்து சல்லியைப் பெயர்த்துப் போடும். குளிர்கால டயர்களின் ஆழமான பள்ளங்களும் மெல்லிய கீறல்களும் சிறு கற்களைக் கவ்விக்கொண்டு போய், வேகம் கூடியதும் விட்டெறியும். இத்தனைக்கும் நடுவே, குளிரில் பெயிண்டின் நெகிழ்வும் குறைகிறது. ஜூலையில் பட்டால் லேசாகப் பதிந்துவிட்டுப் போகிற அதே கல், ஜனவரியில் ஒரு செதிலையே பெயர்த்துக்கொண்டு போகும்.

தொழிற்சாலைப் பெயிண்டின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்கும் சேர்ந்து கால் மில்லிமீட்டர்கூட வராது. கல்லின் தாக்கமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 120க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் ஏறுகிறது. அதே கல்லின் தாக்கம் 44 சதவீதம் ஏறிவிடும். 80க்கு இறங்கினால் 36 சதவீதம் குறையும். மணல் கிடக்கிற நாளில் வேகத்தைக் குறைப்பதைவிட மலிவான பாதுகாப்பு எதுவும் கிடையாது.

இடைவெளிக்கும் அதே மதிப்பு உண்டு. முன்னே போகும் டயர் எறிகிற கல் பெரும்பாலும் சாலையில் ஒருமுறையாவது பட்டுத்தான் எழும்பும். தூரம் கூடினால் அது கீழே விழுந்துவிடும், அல்லது வேகம் இழந்துவிடும். காய்ந்த சாலையில் குறைந்தது 4 விநாடி இடைவெளி விடுங்கள். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இன்னும் பின்வாங்குங்கள், இல்லையென்றால் தடம் மாறிவிடுங்கள். நீல விளக்கு மின்னுகிற பனி வாரும் வண்டிக்கு மிகத் தள்ளியே வர வேண்டும். அது பின்னால் தூவிக்கொண்டே போகிற உப்பும் மணலும் நேராக உங்கள் பானெட்டுக்குத்தான் வரும். தடங்களுக்கு நடுவே வரப்புபோல மணல் ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் தடம் மாறும்போது வேகத்தைக் குறையுங்கள். உங்கள் முன்சக்கரம் எறிகிற கல் உங்கள் கதவின் அடிப்பகுதியைத்தான் பதம் பார்க்கும்.

அடுத்து, பணம் எங்கே வீணாகிறது என்பது. செராமிக் கோட்டிங் கல்லடியைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. அது 1, 2 மைக்ரான் தடிமன் உள்ள பூச்சு. பெயிண்டையே பெயர்க்கிற கல் அதன் மேலிருக்கும் 2 மைக்ரானுக்கு நிற்காது. டப்பாவில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கீறலைத் தாங்கும் அளவு. கல் வந்து மோதுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செராமிக்கும் வாக்ஸும் உப்பும் சேறும் எளிதாகக் கழுவிப்போக உதவும், அதற்காகப் போடலாம். பானெட்டின் மூக்கில் மாட்டுகிற கறுப்பு உறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கும் பெயிண்டுக்கும் நடுவே மணலும் ஈரமும் புகுந்து, காற்றில் உறை அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, உப்புத்தாள் தேய்த்ததுபோல் கிளியர் கோட்டை மங்கடித்துவிடும்.

உண்மையிலேயே கல்லைத் தாங்குவது பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம், சுருக்கமாக பிபிஎஃப். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் சுழலிதழ்களை மணலிலிருந்து காக்கப் பயன்பட்ட பாலியூரித்தேன் ஃபிலிமின் வழிவந்தது இது. இன்றைய நல்ல ஃபிலிம் ஒட்டும் பசையோடு சேர்த்து சுமார் 200 மைக்ரான், அதாவது 8 மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரப்பர்போல அமுங்கிக் கல்லின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். எக்ஸ்பெல், 3எம், சன்டெக், லூமர் எல்லாமே இந்த வகையில் விற்கின்றன. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சுருள்கள் பல பிவிசியால் ஆனவை. குளிரில் விறைத்துப்போகும், ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சளித்து, உரிக்கும்போது துண்டு துண்டாக வரும். பாலியூரித்தேன் வகையைக் குறிக்கும் டிபியு (TPU) என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தானே கீறலை ஆற்றிக்கொள்ளும் என்று சொல்வது மேற்பரப்பின் மெல்லிய கீறலுக்கு மட்டும், அதுவும் வெயிலோ வெந்நீரோ பட்டால்தான். கல் கிழித்த ஓட்டை ஆறாது; அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

முழு முன்பகுதிக்கும் ஒட்டக் காசு இருந்தால் நல்லது: பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், கண்ணாடிக் கூடுகள். காசு அளவாக இருந்தால் பானெட்டின் முன்விளிம்பிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை, பிறகு பின்கதவுக்குக் கீழே பின்சக்கர வளைவின் முன்புறம். இந்த இரண்டாவது இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரம் எறிகிற மணல் முழுவதும் அங்கேதான் போய் அடிக்கிறது. அங்கே இருப்பது இரும்பு, பம்பரோ பிளாஸ்டிக். பம்பரில் நூறு புள்ளி விழுந்தாலும் துரு வராது. கடையில் வேலை கொடுக்கும்போது, விளிம்பை பானெட்டின் உட்பக்கம் மடித்து ஒட்டுவார்களா என்று கேளுங்கள். மடிக்காத விளிம்பில்தான் உப்பும் அழுக்கும் கோடாகப் படியும், அங்கிருந்துதான் உரியவும் தொடங்கும். சமீபத்தில் மறுபடி பெயிண்ட் அடித்த பாகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதுப் பெயிண்ட் முழுதாகக் காயாமல் ஒட்டினால், பிறகு ஃபிலிமை எடுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். குறைந்தது 30 நாளாவது விட வேண்டும்.

பானெட்டை நீங்களே ஒட்ட முயல வேண்டாம். சக்கர வளைவு, கதவின் கீழ்ப்பட்டை போன்ற சிறு துண்டுகளை வீட்டிலேயே ஒட்டலாம். இடம் 18 முதல் 25 டிகிரி வெப்பத்தில் இருக்கட்டும், காரின் உலோகமும் அந்தச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்தால் ஓர் இரவு உள்ளே நிற்கட்டும். கழுவி, தார்ப்புள்ளிகளைத் தார் நீக்கியால் எடுத்து, பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கவென்று விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) தேய்த்து, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஃபிலிமை நகர்த்தி இடம் பார்க்க உதவும் வழுக்குநீருக்கு 1 லிட்டர் தண்ணீரில் குழந்தை ஷாம்பு சில சொட்டுகள் மட்டும். கூட ஊற்றினால் பசை பிடிக்கவே பிடிக்காது. விளிம்பைப் பிடிக்கவைக்கும் பிடிநீருக்கு 800 மில்லி தண்ணீரும் 200 மில்லி ஆல்கஹாலும். மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள், சதுர மூலை முதல் கழுவலிலேயே எழும்பும். பாகத்தின் விளிம்பிலிருந்து 1, 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள். பெயிண்டிலும் பசைப்பக்கத்திலும் வழுக்குநீரைத் தாராளமாக அடித்து, மிதக்கவிட்டு இடம் பார்த்து, நடுவிலிருந்து வெளியே ஸ்குவீஜியால் (நீரைத் தள்ளும் ரப்பர் பட்டை) தள்ளுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதியை மூடட்டும். எழும்புகிற விளிம்பில் மட்டும் பிடிநீர் அடித்து, அரை நிமிடம் விட்டு அழுத்துங்கள். இழுத்து ஒட்டினால் ஃபிலிம் மெதுவாகச் சுருங்கி விளிம்பை விட்டுவிடும். மிஞ்சுகிற நீர்க்குமிழிகள் சில வாரத்தில் தாமாகவே வற்றும், குளிரில் இன்னும் தாமதமாகும். ஒட்டிய கையோடு காரை உறைபனியில் நிறுத்தினால் அடியில் இருக்கும் நீர் உறைந்து ஃபிலிமைத் தூக்கிவிடும். 2 நாளாவது உள்ளே வையுங்கள். ஒரு வாரம் கழுவ வேண்டாம்.

ஃபிலிமுக்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று மட் ஃபிளாப், அதாவது டயருக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுக்கும் மடல். செலவு மிகக் குறைவு, பலனோ கதவின் அடி முழுவதற்கும். டயரின் அகலத்தைவிட இருபக்கமும் 1 சென்டிமீட்டராவது கூட இருக்கட்டும், அடிவிளிம்பு தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டரில் நிற்கட்டும். இன்னும் தாழ்ந்தால் பனிக்கட்டியில் மாட்டிப் பிய்ந்து போகும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயர் உரசுகிறதா என்று பாருங்கள். கம்பெனி விட்டிருக்கும் திருகுத் துளைகளையே பயன்படுத்துங்கள். ஃபெண்டர் இரும்பில் புதுத் துளை போட்டால் நீங்களே துருவுக்கு வழி திறந்தது போலாகும். ஃபிளாப்புக்குள் உறைந்த பனியைக் காலால் உதைக்காதீர்கள், குளிரில் விறைத்த பிளாஸ்டிக் உடையும். அகலமான சக்கரமோ, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் வளையமோ போட்டு டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எந்த ஃபிளாப்பும் காப்பாற்றாது. உற்பத்தியாளர் அனுமதிக்கும் அளவுக்குள் ஒரு படி ஒடுக்கமான குளிர்கால டயர் போடுவது பெயிண்டுக்கும் நல்லது, பனியில் பிடிமானத்துக்கும் நல்லது.

கதவுக்குக் கீழுள்ள சட்டப்பகுதிக்குக் கல்தடுப்புப் பூச்சும் உண்டு, யு-போல் கிராவிடெக்ஸ் போன்றவை. மேலே நிறம் அடிக்க ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். தார் கலந்தவற்றின் மேல் பெயிண்ட் நிற்காது. துருவின் மேல் அடித்தால் துரு உள்ளேயே வளரும்.

இனி, கல் பட்டே விட்டால். முதலில் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ. அலுமினிய பானெட் இன்று பல கார்களில் வருகிறது. அதில் செந்துரு வராது, ஆனால் உப்புப் பட்டால் பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துக் கிளம்பும். காந்தம் ஒட்டி, புள்ளியின் நடுவே உலோகம் மினுங்கினால் அவசரம். சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தால் வசந்தம் வரை பொறுக்கலாம்.

நடுக்குளிரில் நிரந்தர டச்-அப் செய்ய முயல வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே பெயிண்ட் சரியாகக் காயாமல் சுருங்கி உதிரும். வசந்தம் வரும்வரை ஒப்பேற்ற, காரைக் கழுவி ஏதாவது ஒரு நிலத்தடி பார்க்கிங்கில் சில மணி நேரம் நிறுத்தி, புள்ளியை ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிட்டு, கிளியர் டச்-அப் பேனாவால் ஒரு சொட்டு வைத்து மூடுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மூடாமல் விட்டதைவிட மோசம்.

வெப்பம் 15க்கு மேல் வந்ததும் முழு வேலை. பெயிண்ட் எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும். டொயோட்டாவில் 040 என்றால் வெள்ளை, 202 என்றால் கறுப்பு. 070 முத்துவெள்ளை, மூன்று அடுக்குப் பெயிண்ட். ஒரு குப்பியில் நிறம் பொருந்தாது, இரண்டு குப்பி சேர்த்து வாங்க வேண்டும். தளர்ந்த செதிலை ஊசிமுனையால் எடுத்துவிட்டு, துரு இருந்தால் பளபளக்கும்வரை சுரண்டுங்கள். ஆல்கஹாலால் துடைத்து, இரும்பு தெரிகிற இடத்தில் மட்டும் பிரைமர். குப்பியோடு வருகிற தூரிகை இதற்குத் தடிப்பு, பல்குத்தும் குச்சியே நல்லது: நுனியில் ஒரு சொட்டு எடுத்து குழியின் நடுவில் தொட்டால் அதுவே பரவி விளிம்பு வரை போய் நிற்கும். நிறத்தை 2, 3 மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றுக்கும் அரை மணி விட்டு வையுங்கள். ஒரேயடியாக நிரப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், சில நாளில் நடுவில் குழிந்துவிடும். கிளியர் கோட் சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கட்டும். ஒரு வாரம் கழித்து 2000, பிறகு 3000 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அந்தப் புள்ளியின் மேல் மட்டும் தேய்த்து பாலிஷ் போடுங்கள். சுற்றிலும் இருப்பது 40 மைக்ரான் அளவு கிளியர் கோட்தான், கை நீண்டால் தேய்ந்து போகும்.

குளிர்காலக் கழுவலுக்கு வெப்பம் பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறுகிற நாளைப் பாருங்கள். பிரஷ் சுழலும் கழுவகம் வேண்டாம், முந்தைய காரின் மணல் அதில் ஒட்டியிருக்கும். அழுத்தநீர்க் குழாயை 30 சென்டிமீட்டருக்குக் கிட்டே கொண்டு போகாதீர்கள். ஃபிலிமின் விளிம்புக்கும் பெயர்ந்த புள்ளிக்கும் சாய்வாக அடித்தால் மிச்சமும் கிளம்பிவிடும், நேராக அடியுங்கள். பானெட்டில் உறைந்த பனியைச் சுரண்டியால் தொடவே வேண்டாம்.

மார்ச்சில் பனி போய்விட்டது என்று வேகம் எடுக்கிறவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள். குளிர்காலம் முழுக்கத் தூவிய மணல் சாலையோரத்தில் அப்படியே கிடக்கும். துப்புரவு வண்டி வந்து கூட்டும்வரை இடைவெளியைக் குறைக்காதீர்கள், மட் ஃபிளாப்பையும் கழற்றாதீர்கள்.