சாவி கைக்கு வரும்வரை

ஜனவரி 27

அமெரிக்கா முழுக்க ஜனவரியின் கடைசிப் பத்து நாட்களில் ஏதாவது ஓர் இரவு வீடற்றோரை எண்ணுகிறார்கள். 2024 கணக்கு 7,71,480 பேர். காருக்குள் சுருண்டு படுத்தவரும், மருத்துவமனை நாற்காலியில் விடியவிட்டவரும் எண்ணிக்கையில் விடுபடுவது சகஜம். குறைந்தபட்சம் இத்தனை பேர் என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 3

ஆதரவுச் சேவையோடு தரும் நிரந்தர வீட்டுக்கு முன்னுரிமை, நெடுநாள் தெருவில் இருந்தவருக்கு. இயலாமையோ தீராத நோயோ இருக்க வேண்டும். கூடவே தொடர்ந்து 12 மாதம் வீடின்றி இருந்திருக்க வேண்டும், அல்லது 3 ஆண்டுகளில் 4 தடவையாகச் சேர்த்து 12 மாதம். பொதுவாக 9 மாதத்துக்கு வெளிச்சாட்சி, அதாவது வேறொருவரின் பதிவோ கடிதமோ தேவை. மிச்சம் 3 மாதத்துக்கு அவரே எழுதித் தரலாம்.

புதிதாக வரும் பணியாளர்கள் 30 நாளுக்கும் ஆதாரம் தேடி வாரக்கணக்கில் அலைகிறார்கள். தேவையே இல்லை. மாதத்தில் ஒரே ஒரு நாள் பார்த்த பதிவு இருந்தால், இடையில் வேறெங்கும் தங்கியதாகத் தகவல் இல்லாதவரை முழு மாதமும் கணக்கில் சேரும். ஆனால் “சந்தித்தேன், நலம்” என்று எழுதிய குறிப்பு செல்லாது. தேதி, இடம், எதில் படுத்திருந்தார்: “மேம்பாலத்தடி, நீலத் தார்ப்பாய், இரண்டு பை.” இப்படி இருந்தால் போதும்.

பிப்ரவரி 11

மருத்துவமனையிலோ சிறையிலோ 90 நாளுக்குள் இருந்துவிட்டு வந்தால் அந்த 12 மாதத் தெருக்கணக்கு அறுவதில்லை. 90 ஆகிவிட்டால் அறுந்துவிடும். அதனால் 60-ம் நாளே அங்குள்ள சமூகப் பணியாளருக்கு போன் போட வேண்டும். இரக்கப்பட்ட உறவினர் வீட்டில் தொடர்ந்து 7 இரவு தங்கினாலும் தொடர்ச்சி போச்சு. பிறகு நான்கு தடவை வழியில்தான் விண்ணப்பிக்க முடியும். கருணைக்கு அபராதம் போடும் விதி!

பிப்ரவரி 20

உதவி வாடகையில் ஒருவரைக் குடிவைக்கும் முன் வீட்டுப் பரிசோதனை. புகை அலாரத்தில் பேட்டரி இல்லை, ஜன்னல் தாழ்ப்பாள் விழவில்லை, அடுப்பில் ஒரு பர்னர் எரியவில்லை. இவ்வளவுதான், ஃபெயில். மறுபரிசோதனைக்குள் வீட்டுக்காரர் வேறு ஆளைக் குடிவைத்துவிடுவார். முதல் நாளே பேட்டரியும் ஸ்க்ரூடிரைவருமாக ஒருவர் போய்வந்தால் இதில் பாதி தீரும். 1978-க்கு முந்தைய கட்டடம், 6 வயதுக்குக் கீழ் குழந்தை என்றால் உரிந்த பெயின்ட்டையும் பார்க்க வேண்டும்; ஈய அபாயம்.

வீடு ஒதுக்கிய தேதிக்கும் சாவி கொடுத்த தேதிக்கும் இடையிலான நாட்களை வாராவாரம் பார்ப்பதுதான் நிர்வாகியின் முதல் வேலை. ஆட்கள் தொலைந்துபோவது அந்த இடைவெளியில்தான்.

மார்ச் 6

குடியை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையை 1992-ல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தூக்கி எறிந்தார்: முதலில் வீடு, மற்றது பிறகு. அதைச் சாவியோடு வேலை முடிந்தது என்று படிப்பவர்கள் உண்டு. ஆனால் அவருடைய திட்டத்தில் குடிபுகுந்த பிறகும் துணை உண்டு, ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒரு பணியாளர். முப்பது பேரை ஒருவர் தலையில் கட்டினால் நேரில் போவது நின்று போன் விசாரிப்பாகிவிடும். பழைய கூட்டாளிகள் வீட்டில் வந்து குந்திவிட்டது பக்கத்து வீட்டார் புகார் கொடுத்த பிறகுதான் தெரியும்.

வாடகையில் குடியிருப்பவர் பங்கு, பொதுவாகக் கழிவு போக மிஞ்சும் வருமானத்தில் 30%. அவருக்கு அரசு உதவித்தொகை வரத் தொடங்கிய மாதமே கணக்கைத் திருத்த வேண்டும். தள்ளிப்போட்டால் பாக்கி ஏறி, வெளியேற்ற நோட்டீஸில் போய் நிற்கும்.