ஜிப்சி டிரான்ஸ்ஃபர் கேஸ வீட்லயே இறக்குனேன், அதுவும் ரெண்டு தடவ

பத்து நாள்ல என் மாருதி ஜிப்சியோட டிரான்ஸ்ஃபர் கேஸ (இன்ஜின் சக்திய முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரிச்சு, லோ கியரும் குடுக்குற பெட்டி) ரெண்டு தடவ இறக்கி ஏத்தியிருக்கேன். இடுப்பு இன்னும் நேரா நிக்க மாட்டேங்குது. ரெண்டாவது தடவ இறக்கியே இருக்க வேண்டாம், அந்த வயித்தெரிச்சல்லதான் இத டைப் பண்றேன். ஜிப்சி வச்சிருக்கவங்க யாராவது ஆயில் ஒழுகுதுன்னு வண்டிக்கு அடியில படுக்கப் போறீங்கன்னா முழுசா படிச்சிட்டு அப்புறம் ஸ்பேனர தொடுங்க.

நமக்கு கொடைக்கானல் மலையில தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம். தார் ரோட்ல இருந்து வீட்டுக்கு மண் பாதை, ஐப்பசி மழை புடிச்சா அது பாதை இல்ல, ஓடை. வண்டி ஜிப்சி கிங், 1.3 பெட்ரோல், ஆர்மி ஏலத்துல வந்து கை மாறி கை மாறி எங்கிட்ட வந்தது. பழம் பறிக்க ஆரம்பிச்சா மூட்டையோட ஏறணும், லோ கியர் இல்லாம ஒண்ணும் நடக்காது. மொதல்ல நிப்பாட்டுற எடத்துல அஞ்சு ரூபா காசு அளவுக்கு ஆயில் கெடந்துச்சு. ரெண்டு மாசத்துல அது ஊத்தப்பம் சைஸுக்கு வந்துருச்சு.

கீழ ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டுனேன். அவரு குனிஞ்சு கூட பாக்கல, "கியர்பாக்ஸோட சேத்து இறக்கணும் சார், வண்டிய விட்டுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும்"னாரு. பழைய மஹிந்திரா ஜீப்புக்கு அந்தப் பேச்சு சரி, அதுல கேஸு கியர்பாக்ஸ் முதுகுலயே ஒட்டி உக்காந்திருக்கும். ஜிப்சியில அது தனியா கெடக்கு, கியர்பாக்ஸுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட், அவ்ளோதான், மூணு ரப்பர் மவுண்ட்ல தொங்குது. கியர்பாக்ஸ தொடவே வேணாம். இது கூடத் தெரியாதவர்கிட்ட வண்டிய விட மனசு வரல, நாமளே பாத்துக்குவோம்னு வந்துட்டேன். அங்க ஆரம்பிச்சது.

மொத எச்சரிக்கை, இத மலையில இருக்கவங்க மறந்துடாதீங்க. வண்டிய கியர்ல போட்டு நிப்பாட்டுறதுதான் நம்ம பழக்கம். வீலுக்கு சக்தி கொண்டு போற புரோப்பல்லர் ஷாஃப்ட கழட்டுன அந்த நிமிஷத்துல இருந்து கியருக்கும் வீலுக்கும் சம்பந்தமே இல்ல! நீங்க அடியில படுத்திருக்கீங்க, வண்டி சும்மா நிக்குது. எங்க வீட்டு வாசல் பாக்க சமதளம் மாதிரிதான் இருக்கும், ஆனா ஒரு எலுமிச்சம்பழத்த வச்சா உருண்டு ஓடுது. நாலு வீலுக்கும் ரெண்டு பக்கமும் கருங்கல்லு வச்சேன், ஹேண்ட் பிரேக்கும் போட்டேன், அப்புறம்தான் மச்சினன அடியில விட்டேன். நானும் போனேன், சும்மா சொல்லல.

ரெண்டாவது, டிரெயின் பிளக்க கழட்டுறதுக்கு முன்னாடி ஊத்துற பிளக்க கழட்டிப் பாருங்க. ஆயில் எல்லாம் வடிச்ச பிறகு மேல் பிளக்கு வரலேன்னா திரும்ப ஆயில் ஊத்த வழி கெடையாது. நான் ஒரு ரவுண்டு ஓட்டி சூடு பண்ணிட்டு வந்து மேல் பிளக்க லூஸ் பண்ணுனேன், புஸ்ஸுன்னு ஒரு காத்து வந்துச்சு. சூட்டுக்கு வருதுபோலன்னு விட்டுட்டேன். இந்த 'புஸ்'ஸ ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

ஷாஃப்டு மூணையும் கழட்டுறதுக்கு முன்ன ஃபிளாஞ்சுல (ஷாஃப்டும் கேஸும் போல்ட்டுல சேர்ற தட்டு) நெயில் பாலிஷ்ல கோடு போட்டு வச்சேன், திரும்ப அதே மாதிரி சேக்கணும், இல்லேன்னா வண்டி ஓடும்போது உதறும். வீட்டம்மா பாட்டில்ல பாதி காலி, அதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஸ்பீடோ கேபிள ஞாபகமா கழட்டுனேன். ஃபோர் வீல் லைட்டுக்குப் போற ஸ்விட்ச் வயர மறந்தேன். கேஸு ஜாக்கியில பாதி இறங்கும்போது டப்புன்னு ஒரு சத்தம், வயரு வேரோட வந்துருச்சு.

இன்னொரு தப்பு என்னன்னா ஃபிளாஞ்சு நட்ட வண்டியில கேஸு இருக்கும்போதே லூஸ் பண்ணியிருக்கணும். நான் இறக்கித் தரையில வச்சப்புறம் லிவர போட்டா கேஸு மொத்தமும் சுத்தி வருது. கடைசில ஒரு இரும்புப் பட்டையில ரெண்டு ஓட்ட போட்டு ஃபிளாஞ்சோட போல்ட்டு பண்ணி, மச்சினன் கேஸ் மேல ஏறி உக்காந்து, நான் பைப்பு மாட்டித் தொங்கி, ஒரு வழியா கழண்டுச்சு. எங்க அம்மா திண்ணையில உக்காந்து "ஆட்டுக்கல்லு மேல எதுக்குடா உக்காந்திருக்கான்"னு கேட்டாங்க.

கேஸு ஜாயிண்ட்லயும் ஈரம் இருந்ததால பொளந்தேன். சீலு (ஷாஃப்டு வெளிய வர்ற எடத்துல ஆயில் ஒழுகாம தடுக்குற ரப்பர் வளையம்) மட்டும் மாத்துறதா இருந்தா பொளக்கத் தேவையில்ல, ஃபிளாஞ்ச எடுத்தா வெளியில இருந்தே மாத்திரலாம். பொளக்குறவங்க கவனிங்க, செலக்டர் ராடு (கியர் மாத்துற கம்பி) ஓட்டையில இருந்து வெளிய வரும்போது உள்ள இருக்குற ஸ்பிரிங்கும் சின்ன இரும்புக் குண்டும் துப்பாக்கி மாதிரி தெறிக்கும். எனக்கு ஒரு குண்டு தெறிச்சு வாசல் தாண்டி மிளகுக்கொடி பக்கம் போயிருச்சு. முக்கா மணி நேரம் ரெண்டு பேரும் டார்ச்சு அடிச்சு சருகக் கெளறுனோம். அட்டைப்பூச்சிக்கு ரத்தம் குடுத்ததுதான் மிச்சம்னு நெனச்சப்ப மச்சினன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தக் கயித்துல கட்டி இழுத்தான், ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அவனுக்கு அன்னிக்கு பரோட்டா என் செலவு. நீங்க ராட வெளிய இழுக்கும்போதே மேல ஒரு துணியப் போட்டு மூடி இழுங்க.

இப்ப சீலு கதை. நேரத்த மிச்சம் பண்றேன்னு கேஸ இறக்குறதுக்கு முன்னாடியே பஸ்ஸ புடிச்சு திண்டுக்கல் போய் சீலு வாங்கிட்டேன். கடைக்காரர் "ஜிப்சிதானண்ணே, எல்லாம் ஒண்ணுதான்"னு மூணு சீல எடுத்துப் போட்டாரு. வீட்ல வந்து பாத்தா ரெண்டு சரி, இன்புட் சீலு வெளி விட்டம் பெருசு, ஹவுசிங்குல ஏறவே இல்ல. ஒரு நாள் போச்சு. பழைய சீலுலயே உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூணும் பொறிச்சிருக்கும், அதக் கழட்டிக் கையோட கொண்டு போங்க. ரெண்டாவது தடவ மதுரைக்கே போனேன், கவுண்டர்ல பழச வச்சு அளந்து பாத்து, ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா வாங்குனேன். சீலு வெலைய விட பஸ்ஸுக்கும் டீக்கும் ஆன செலவுதான் அதிகம்.

சீலு போடும்போது ஒரு விஷயம். ஃபிளாஞ்சுல பழைய சீலோட உதடு ஓடி ஓடி ஒரு வரி விழுந்திருக்கும், நகத்த வச்சு ஓட்டுனா தட்டும். புது சீல பழைய ஆழத்துக்கே அடிச்சா உதடு அந்த வரியிலேயே போய் உக்காந்து திரும்ப ஒழுகும். நான் ஒரு ரெண்டு மில்லி மேலாப்புல நிப்பாட்டுனேன், உதடு புது எடத்துல உக்காந்துச்சு. வரி ரொம்ப ஆழம்னா ஃபிளாஞ்சையே மாத்துறதுதான் வழி. உதட்டுல கிரீஸ் தடவாம காஞ்ச சீல மாட்டாதீங்க. ஃபிளாஞ்சு பல்லு வழியாவும் ஆயில் நட்டுப் பக்கம் வரும், அங்கயும் கொஞ்சம் அனபாண்ட் (ஒழுகாம அடைக்கிற பேஸ்ட்டு) தடவுனேன்.

ஜாயிண்ட சுரண்ட ஸ்க்ரூடிரைவர் வேணாம், அலுமினியம், கீறல் விழுந்தா அதுவே ஒழுக வழி. தின்னர்ல நனைச்ச பனியன் வேஸ்ட்டும் பிளாஸ்டிக் ஸ்கேலும் போதும். கேஸ்கெட் பேஸ்ட்ட மெல்லிசா ஒரு கோடு போடுங்க. பாசத்துல அள்ளி அப்புனா பிதுங்கி உள்ள விழுந்து ஆயில்ல சுத்திக்கிட்டு இருக்கும்.

ஏத்துறதுதான் பெரிய வேலைன்னு பயந்தேன். ஜாக்கி மேல பலகை வச்சு ஏத்துனா வழுக்குது. அப்புறம் உள்ள லிவர் வர்ற ஓட்ட வழியா கயித்த விட்டு, ரெண்டு பக்கக் கதவுக்கும் குறுக்க ஒரு சில்வர் ஓக் கட்டையப் போட்டு, மேல ஒருத்தர் இழுக்க கீழ ஒருத்தர் தாங்க, பத்தே நிமிஷத்துல மவுண்ட்ல உக்காந்துச்சு. 90 நம்பர் கியர் ஆயில், 0.8 லிட்டர்தான் புடிக்கும். பழைய ஆயில கேன்ல புடிச்சு வச்சிருக்கேன், எங்க ஓடைத் தண்ணி மருதாநதிக்குத்தான் போகுது, அதுல ஊத்தாதீங்கப்பா.

பண்ணைக்காடு வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து ராத்திரி அடியில ஒரு காட்போர்டு அட்டைய விரிச்சேன். காலையில பாத்தா அட்டையில ஊத்தப்பம். பின்பக்க சீலுக்கு நேர் கீழ! அன்னிக்குக் காப்பியே குடிக்கல.

சீலு டூப்ளிகேட்டோ, நான் கோணலா அடிச்சேனோன்னு திட்டிக்கிட்டே திரும்ப எல்லாத்தையும் கழட்டி இறக்குனோம். சீலு நேராத்தான் இருந்துச்சு, உதட்டுல ஒரு கீறல் கெடையாது. அப்பத்தான் மச்சினன் மண்ணு தட்டுறேன்னு பிரீதர் டியூப (கேஸுக்குள்ள இருக்குற காத்து வெளிய போற குழாய்) வாயில வச்சு ஊதுனான். "மாமா, ஊத முடியல." முந்தின ஓனரு தண்ணியில எறக்குறதுக்காக பிரீதருக்கு ஒரு ரப்பர் டியூப மாட்டி போனட்டுக்குள்ள மேல கொண்டு போய் கட்டியிருந்தாரு. அந்த மேல் முனையில குளவி மண்ண வச்சு கூடு கட்டி மூடியிருக்கு. ஓடுறப்ப கேஸு சூடாகி உள்ள காத்து விரியுது, வெளிய போக வழியில்ல, சீல நெம்பிக்கிட்டு ஆயிலோட வருது. அந்த 'புஸ்'ஸு அதத்தான் சொல்லியிருக்கு. மொத தடவையே டியூப இந்த முனையில கழட்டி இந்த முனையிலயே மாட்டுன நான், அந்த முனை எங்க போகுதுன்னு எட்டிப் பாக்கல.

போனட்ட தூக்கி, ஒரு சைக்கிள் கம்பிய விட்டுக் குத்தியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. சீலுகளும் பழசு, என்னிக்காவது மாத்த வேண்டியதுதான்னு மனச தேத்திக்கிட்டேன். இறக்குனது இறக்கியாச்சு, மதுரையில உபரியா வாங்குன பின் சீலையே போட்டு ஏத்துனேன். டியூப் முனைய கீழ பாத்து வளைச்சு, கொசுவலைத் துணி கட்டியிருக்கேன்.

அட்டை நாலு நாளா காஞ்சு கெடக்கு. நேத்து மழைக்குள்ள லோ கியர் போட்டு ஏழு மூட்ட உரத்தோட மேல வந்தேன், முனகாம ஏறுச்சு. டேஷ்ல ஃபோர் வீல் லைட்டு மட்டும் எரியல, அந்த அத்துப் போன வயர இன்னும் சேக்கல.