அமினோ அமிலத்திலிருந்து வளையச் சேர்மம்: அஸ்லாக்டோன் செய்முறைக்குப் போகுமுன்

இந்தச் செய்முறை இரண்டு கட்டம்: கிளைசின் என்ற அமினோ அமிலத்தில் பென்சாயில் தொகுதியை ஏற்றினால் ஹிப்பூரிக் அமிலம், அதைப் பென்சால்டிஹைடோடு சேர்த்து வளையமாக மூடினால் அஸ்லாக்டோன். ஹிப்பூரிக் அமிலம் 4.5 கிராம் போட்டால், அஸ்லாக்டோன் 4 கிராம் அளவுக்கு வர வேண்டும். வந்ததோ எண்ணெய் ஒட்டிய ஒரு கிராம் மஞ்சள் தூள் என்றால், தவறை அன்றைய வேலையில் மட்டும் தேடாதீர்கள். முந்தைய வகுப்பில் செய்த ஹிப்பூரிக் அமிலத்தை முதலில் சந்தேகப்படுங்கள். அதில் பென்சாயிக் அமிலம் கலந்திருந்தால், தராசில் 4.5 கிராம் காட்டினாலும் வேலை செய்யும் பொருள் அவ்வளவு இருக்காது. மீந்துபோன பென்சால்டிஹைடுதான் படிகத்தில் எண்ணெயாக ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே முதல் கட்டத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கிளைசின் 5 கிராமை 10% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 60 மி.லி.யில் கரையுங்கள். பென்சாயில் குளோரைடு 9 மி.லி. தேவை. அதை ஐந்து பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கும் முழுதாக மறைந்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். மூடிய குடுவையில் விடாமல் குலுக்க வேண்டும். குலுக்கலில் சோம்பினால் பென்சாயில் குளோரைடு அடியில் துளியாக நின்று, மெல்ல நீராற்பகுத்து பென்சாயிக் அமிலமாகிவிடும். காரத்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. கிளைசினை நடுநிலையாக்க 0.067 மோல், வெளிவரும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 0.077 மோல், ஆக 0.144 மோல். 50 மி.லி. கரைசலில் 0.125 மோல்தான் இருக்கிறது, 60 மி.லி.யில் 0.15. கடைசிப் பங்கின்போது லிட்மஸ் தாளை ஒருமுறை நனைத்துப் பாருங்கள். நீலம் மங்கினால் இன்னும் சில மி.லி. காரம் சேருங்கள். காரம் தீர்ந்தால் அமினோ தொகுதி புரோட்டானைப் பிடித்துக்கொண்டு தாக்க மறுத்துவிடும்.

பிறகு நொறுக்கிய ஐஸ் போட்டு, காங்கோ சிவப்புத் தாள் நீலமாகும் வரை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இப்போது விழும் வெள்ளை வீழ்படிவில் ஹிப்பூரிக், பென்சாயிக் இரண்டும் இருக்கும். வடிகட்டி, நன்றாக உலர்த்தி, பிறகுதான் பிரிக்க வேண்டும். பழைய குறிப்புகளில் இருக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு வேண்டாம், அது நச்சு. ஈதரும் சேலத்துக் கோடைக்கு ஒத்துவராது. ஈதரின் கொதிநிலை 34.6 °செ. ஏப்ரல், மே மதியத்தில் லேப் அறையின் வெப்பம் அதைத் தாண்டி நிற்கும். மூடியைத் திறந்தாலே பாதி போய்விடும், தீ அபாயம் வேறு. சூடான டொலுவீன் 20 மி.லி. வீதம் இருமுறை போதும். அதையும் புகைக்கூண்டுக்குள், சுடர் இல்லாமல், வெந்நீர்த் தொட்டியில் சூடாக்குங்கள். பென்சாயிக் அமிலம் கரைந்து போகும், ஹிப்பூரிக் அமிலம் கரையாமல் தங்கும். அதைக் கொதிநீரில் மறுபடிகமாக்கினால் மினுமினுக்கும் ஊசிகள் வரும். உருகுநிலை 187 °செ. சுமார் 9 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். அடுத்த கட்டத்தை இருமுறை செய்யலாம்.

இரண்டாவது கட்டத்துக்கு எடுக்க வேண்டியவை: ஹிப்பூரிக் அமிலம் 4.5 கிராம், பென்சால்டிஹைடு 2.6 மி.லி., நீரற்ற சோடியம் அசிட்டேட் 2.05 கிராம், அசிட்டிக் அன்ஹைட்ரைடு 7.2 மி.லி. முதல் மூன்றும் 0.025 மோல் வீதம், அன்ஹைட்ரைடு மட்டும் 0.076 மோல்.

இங்கே மாணவர்கள் அதிகம் சறுக்குவது சோடியம் அசிட்டேட்டில். அலமாரியில் எளிதில் கையில் கிடைப்பது மூன்று நீர் மூலக்கூறு கொண்ட படிகம். அதில் 2.05 கிராம் போட்டால் 0.015 மோல் உப்பும், கூடவே 0.045 மோல் தண்ணீரும் உள்ளே போகிறது. அந்தத் தண்ணீர் அதே அளவு அன்ஹைட்ரைடைத் தின்றுவிடும். மிச்சம் 0.031 மோல். வளையம் மூட 0.025, ஆல்டிஹைடு சேர்ந்து நீர் வெளியேற இன்னொரு 0.025 என்று வினைக்குத் தேவையோ 0.05. பாதியில் நின்றுபோகும் காரணம் இந்தக் கழித்தலில் தெரிகிறது. படிகத்தைப் பீங்கான் கிண்ணத்தில் சூடாக்குங்கள். 58 °செ. அளவில் தன் நீரிலேயே உருகும், ஆவி பறக்கும், பிறகு இறுகும். அதோடு நிறுத்தாமல் மீண்டும் உருகும் வரை கிளறிக்கொண்டே சூடாக்கி, கருகுமுன் இறக்கி, உலர்கலனில் ஆறவிட்டுப் பொடியுங்கள்.

பென்சால்டிஹைடு பாட்டிலின் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது காற்றுப்பட்டு உருவான பென்சாயிக் அமிலம். 10% சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, வாலை வடித்துப் பயன்படுத்துங்கள். அசிட்டிக் அன்ஹைட்ரைடு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். புராஜெக்டுக்காகத் தனியாக வாங்கி வைக்க நினைக்காதீர்கள். துறையின் பதிவேட்டில் எழுதி அளந்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும் காய்ந்த கூம்புக் குடுவையில் போட்டு, ஹாட் பிளேட்டில் விடாமல் சுழற்றுங்கள். முதலில் கெட்டிக் கஞ்சி மாதிரி இருக்கும். ஓரங்கள் இளகி, நடுவில் கட்டி மிதந்து, பிறகு சட்டென்று முழுவதும் தெளிந்த மஞ்சள் திரவமாகும். அந்த நொடியில் ஹாட் பிளேட்டை விட்டு எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் செம்பழுப்பாகிப் பிசின் பிடிக்கும். அதற்கு மருந்து கிடையாது. எடுத்த குடுவையைக் கொதிநீர்த் தொட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஏற்காட்டில், 1500 மீட்டர் உயரத்தில், தண்ணீர் ஏறக்குறைய 95 °செ.யிலேயே கொதித்துவிடும். மலை மேல் செய்பவர்கள் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். மலையில் பனி இறங்கும் மாதங்களில் காற்றின் ஈரமும் அதிகம், அதனால் குடுவை வாயில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு குழாய் கட்டாயம். உருகுநிலைக்கு மட்டும் மலைத் திருத்தம் தேவையில்லை, அது காற்றழுத்தத்தால் கணக்கில் வரும்படி மாறாது.

குடுவை வெதுவெதுப்பானதும் எத்தனால் 10 மி.லி. மெல்ல ஊற்றி, ஐஸில் வையுங்கள். கொதிக்கும் எத்தனாலில் நேரம் கடத்தினால் வளையம் திறந்து எஸ்டராகும் வாய்ப்பு உண்டு. இரவு முழுக்கக் குளிரில் வைத்து வடிகட்டி, ஐஸ் எத்தனால் 2.5 மி.லி. இருமுறை, கொதிநீர் 2.5 மி.லி. இருமுறை விட்டுக் கழுவுங்கள். எத்தனால் ஆல்டிஹைடையும் நிறத்தையும் எடுக்கும், கொதிநீர் உப்பை எடுக்கும். சேலத்தில் “அறை வெப்பத்தில் இரவு வைக்கவும்” என்பதை நம்ப வேண்டாம், பொருள் வடிநீரிலேயே தங்கிவிடும். உருகுநிலை 165 முதல் 167 °செ. அகச்சிவப்பு நிறமாலை (ஐ.ஆர்.) எடுத்தால் 1790 செ.மீ⁻¹ அருகே கூர்மையான கார்போனில் கோடு நிற்க வேண்டும். ஹிப்பூரிக் அமிலத்தின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் கோடு மறைந்திருக்க வேண்டும்.

அமினோ அமிலத்திலிருந்து வளையம் செய்ய, தண்ணீரைக் கண்டு இவ்வளவு பயப்படத் தேவையில்லாத வழியும் இருக்கிறது. சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு மோனோஹைட்ரேட் 1.76 கிராமை 10 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசல்) 1 மி.லி. சேர்த்து இரவு முழுக்கக் கலக்கி, காலையில் சோடியம் அசிட்டேட்டால் அமிலத்தைத் தணித்தால் தயாசோலிடின்-4-கார்பாக்சிலிக் அமிலம் வெண்மையாக இறங்கும். ஏறக்குறைய 196 °செ.யில் சிதைந்து உருகும். சூடு வேண்டாம், அன்ஹைட்ரைடு வேண்டாம். சிறிய லேப் வசதியில் புராஜெக்ட் செய்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதலில் வரும் கேள்வி: கிளைசினை நேரடியாகப் போட்டால் என்ன? வளையத்தை மூடும் ஆக்சிஜன் பென்சாயில் தொகுதியின் ஆக்சிஜன்தான். அது இல்லாமல் அந்த ஐந்தணு வளையம் மூடாது. இரண்டாவது, ஒளிச்சுழற்சி உள்ள அமினோ அமிலம் அஸ்லாக்டோனாக மாறினால் ஏன் சுழிமாய்க் கலவையாகிறது, அதாவது இடம், வலம் சுழற்றும் வடிவங்கள் சமமாகக் கலந்து ஒளிச்சுழற்சியை இழக்கிறது? வளையத்தின் நான்காம் கார்பனின் புரோட்டான் எளிதில் கழன்று, எந்தப் பக்கத்திலிருந்தும் திரும்ப ஏறுவதால். அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு இணைப்பில் அஸ்லாக்டோனைக் கண்டு அஞ்சுவதும் இதனால்தான்.

இயற்கையில் உதாரணம் கேட்டால் சேர்வராயன் மலையையே காட்டுங்கள். மிளகின் பைப்பரினில் உள்ள பைப்பரிடின் வளையம் லைசினிலிருந்து வருகிறது. பக்கத்திலேயே நிற்கும் காப்பிச் செடியின் காஃபீனில் உள்ள பியூரின் வளையத்துக்குக் கிளைசின் முழு மூலக்கூறாக உள்ளே போய் நான்காம், ஐந்தாம் கார்பனையும் ஏழாம் நைட்ரஜனையும் தருகிறது. ஒன்றாம் நைட்ரஜன் அஸ்பார்ட்டிக் அமிலத்திலிருந்தும், மூன்றும் ஒன்பதும் குளுட்டமினிலிருந்தும் வருகின்றன. இந்த எண்களை வளையம் வரைந்து அம்புக்குறியோடு எழுதிக் காட்டுங்கள்.