பெட்டி எண் 13

இன்று மதியம் சாப்பிட்டபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கார் முகப்பின் மேல் ஒரு வாக்குப்பெட்டி, சுற்றிலும் சிலர். பெட்டி எண் 13.

சாப்பாடு ஆறிப்போனது.

1948, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். செனட் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தல். வாக்குப்பதிவு முடிந்து ஆறு நாள் கழித்து, ஆலிஸ் என்ற சிற்றூரின் அந்தப் பெட்டிக்கான வாக்களித்தோர் பட்டியலில் 202 பெயர்கள் புதிதாக முளைத்தன. எல்லாம் ஒரே மை, ஒரே கையெழுத்து. போதாததற்கு அகர வரிசையில்! அவற்றில் 200 வாக்குகள், போட்டியிட்ட லிண்டன் ஜான்சனுக்கு. ஏறத்தாழ 10 லட்சம் வாக்குகளில் அவர் ஜெயித்தது 87 வாக்கு வித்தியாசத்தில்.

பட்டியலில் இருந்த சிலர், அன்று தாங்கள் வாக்களிக்கவே போகவில்லை என்றார்கள். என்னை உறுத்துவது அவர்கள்தான். அவர்கள் பெயரை யாரோ எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் 1965 ஆகஸ்ட் 6. அதே ஜான்சன், இப்போது அமெரிக்கக் குடியரசுத் தலைவர். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திடுகிறார்.

அந்த நல்லதை வைத்துத் திருட்டை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அந்தச் சட்டத்தைச் சின்னதாக்கவும் முடியவில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் 1964இல் வாக்காளராகப் பதிவு செய்திருந்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. 1967இல் ஏறக்குறைய 60 சதவீதம்.

இந்த முறை அவரவர் பெயரை அவரவரே எழுதினார்கள்.