பெசன்ட் நகர் கடற்கரையில் வண்டி நிறுத்தக் கட்டணம்

பெசன்ட் நகருக்கு நாங்கள் குடிவந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில், ஆறாவது அவென்யூவில் கட்டடங்கள் இருக்கும் பக்கத்து நடைபாதையில் நின்றபடியே மணலையும், மணலுக்கு நடுவே வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்தையும், அதற்குப் பின்னால் கடலையும் பார்க்க முடியும். நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி ஒருவருக்காக எழுப்பப்பட்ட சின்னம் அது. இன்று ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால், கார்களின் கூரைகளுக்கு மேலே அதன் உச்சி மட்டும்தான் தெரிகிறது.

இந்தக் கடற்கரைச் சாலையில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கப் போகிறார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, அதை எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் தெருவில் சுற்றுக்கு வந்த மனுவில் கையெழுத்திட்டேன். சென்னையில் காசு கொடுக்காமல் ஒரு குடும்பம் முழு மாலையைக் கழிக்கக்கூடிய இடங்கள் குறைவு. கடற்கரை அவற்றுள் முதன்மையானது. அதன் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு ஓர் ஆள் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்பத்தூரிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர், வந்து இறங்கியதும் சட்டைப்பையில் கைவிட வேண்டுமா என்பதே அன்று என் கேள்வியாக இருந்தது.

என் எண்ணத்தை மாற்றியது எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு என் மாமனாருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. அழைத்த ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருமுனையில் இருபுறமும் நின்றிருந்த கார்களுக்கு இடையே அதனால் நுழைய முடியவில்லை. கார்களின் உரிமையாளர்கள் மணலில் எங்கோ இருந்தார்கள். கடைசியில் நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தெருமுனை வரை தூக்கிச் சென்றோம். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் கார்களை நிறுத்தியவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர் என்பதை அன்றே உணர்ந்தேன். கடற்கரைச் சாலையில் இரண்டு மூன்று முறை சுற்றிப் பார்த்து இடம் கிடைக்காமல், பின்னால் வருகிறவரின் ஹாரனுக்கு அஞ்சி, கிடைத்த சந்தில் வண்டியை விட்டுப் போனவர்கள் அவர்கள்.

அதன் பிறகு மாலை நடைக்குப் போகும்போதெல்லாம் நிற்கும் வண்டிகளைக் கவனிக்கத் தொடங்கினேன். நான்கு மணிக்கு வந்து நின்ற கார்களில் பல, ஒன்பது மணிக்கும் அங்கேயே நிற்கின்றன. அவற்றுள் சில, கடற்கரைக்கு வந்தவர்களுடையவையே அல்ல. எதிர்ச்சாரியில் வேலை செய்கிறவர்களுடையவை, வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலையோரத்தில் ஒரு கார் நீளவாக்கில் நின்று வெளியேற ஏறக்குறைய 6 மீட்டர் தேவை. 500 மீட்டர் சாலையில் ஒரு பக்கத்துக்கு 80 கார்கள் நிற்கலாம். மாலை 4 மணி முதல் 10 மணி வரையிலான ஆறு மணி நேரத்தில் ஒவ்வொரு காரும் முழுப் பொழுதும் நின்றால், 80 குடும்பங்கள்தான் பயன்பெறும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பினால் 320 குடும்பங்கள் வந்து போகலாம். சாலை அதேதான், இடமும் அதேதான். ஆகவே இலவசம் என்பது எல்லாருக்கும் கிடைக்கும் சலுகையாக இங்கே இல்லை. முந்தி வந்தவர் வைத்துக்கொள்ளும் சலுகையாக இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து வருகிறவரைப் பற்றிக் கவலைப்பட்டேன் அல்லவா? பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு 29சி பேருந்து வருகிறது; அதில் வந்து இறங்கும் குடும்பங்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின், பாட்டி, அம்மா, பெண் குழந்தைகள் என்று கூட்டாக வருகிறவர்கள் கூடியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கடற்கரைச் சாலையில் ஓர் அடி இடத்தைக்கூடப் பிடித்து வைப்பதில்லை. ஆனால் மணலுக்குப் போக, முட்டி மோதி நிற்கும் கார்களுக்கு நடுவே குழந்தைகளை இழுத்துக்கொண்டு அவர்கள்தான் நுழைந்து போகிறார்கள். ஒரு கார் நிற்க ஒதுக்கப்படும் இடம் பொதுவாக 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது, அதாவது 12.5 சதுர மீட்டர். நகரின் மிக விலை உயர்ந்த பகுதிகளுள் ஒன்றில், கடலுக்கு எதிரே, அவ்வளவு நிலத்தைக் கார் வைத்திருப்பவருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதை ஏழைகளின் உரிமை என்று நான் வாதிட்டிருக்கிறேன். 2006இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, வண்டி பிடித்துக்கொள்ளும் நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்டும் அளவுக்கு நிறுத்தக் கட்டணம் இருக்க வேண்டும் என்று கூறுகிறது.

மாநகராட்சி நகரின் பல இடங்களுக்கு வகுத்த கட்டணம், காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய். இந்தத் தொகையை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடற்கரையில் வாங்கும் இரண்டு தட்டு பஜ்ஜியைவிட இது குறைவு. எனக்குள்ள குறை வேறு. செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கும் ஞாயிறு மாலை ஆறரை மணிக்கும் ஒரே கட்டணம் என்பது பொருந்தாது. காலையில் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவர் சொன்னதால் நடக்க வரும் முதியவர்கள். அந்நேரத்தில் இடத்துக்குப் போட்டியே இல்லை. போட்டி இல்லாத நேரத்தில் கட்டணம் வாங்குவதற்கு வருவாயைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. காலை எட்டு மணி வரை கட்டணம் கூடாது. வார நாள்களில் 20 ரூபாய் இருக்கட்டும். சனி, ஞாயிறு மாலைகளில் முதல் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவும், அதற்கு மேல் மணிக்கு மணி கூடுதலாகவும் வாங்கலாம். சான் பிரான்சிஸ்கோ நகரில் 2011இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், ஒவ்வொரு தெருப்பகுதியிலும் எப்போதும் ஓரிரு இடங்கள் காலியாக இருக்கும்படி, நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைத்தார்கள். கூட்டம் இல்லாத தெருக்களில் கட்டணம் குறைந்தது. நமக்கு அவ்வளவு நுணுக்கமான கருவிகள்கூடத் தேவையில்லை. காலை, மாலை, வார இறுதி என்று மூன்று விலைகள் எழுதிய ஒரு பலகை போதும்.

வசூலிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மக்களின் கோபம் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. நகரின் வேறொரு பகுதியில், வண்டியை நிறுத்திய உடனே ஒருவர் வந்து, கையில் கருவியும் இல்லாமல், சட்டையில் அடையாள அட்டையும் இல்லாமல், என்னிடம் 50 ரூபாய் கேட்டார். ரசீது கேட்டதற்கு, ரசீது வேண்டுமென்றால் 60 என்றார். அந்தப் பத்து ரூபாயைவிட, கொடுத்த பணம் எங்கே போகிறது என்று தெரியாத உணர்வுதான் என்னை உறுத்தியது. கட்டணம் நியாயமானது என்று நான் இப்போது நம்புவதால்தான், அது வாங்கப்படும் விதத்தில் கள்ளம் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். வண்டி எண், வந்த நேரம், தொகை மூன்றும் அச்சிட்ட சீட்டு ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். பணமாகவும் கொடுக்கலாம், அலைபேசியால் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தும் செலுத்தலாம் என்று இருக்க வேண்டும். செயலி இருந்தால்தான் நிறுத்தலாம் என்ற விதி வந்தால், முதலில் திண்டாடப் போகிறவர்கள் என் மாமனாரைப் போன்ற முதியவர்கள். வெயிலில் எட்டு மணி நேரம் நின்று வசூலிக்கும் அந்தப் பணியாளருக்கு முறையான சம்பளமும், ஒதுங்க ஒரு நிழலும் தரப்பட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்வேன்.

கடற்கரைச் சாலையில் மட்டும் கட்டணம் வைத்துவிட்டு உள்தெருக்களை அப்படியே விட்டால், எங்கள் நிலைமை இப்போது இருப்பதைவிட மோசமாகும். 20 ரூபாயை மிச்சப்படுத்த இரண்டு தெரு தள்ளி வண்டியை விட்டுவிட்டு நடந்து வருவது எவரும் செய்யக்கூடியதே. எனவே கடற்கரையை ஒட்டிய அவென்யூக்களிலும் குறுக்குத் தெருக்களிலும் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தலாம் என்று கோடு போட்டு, தெருமுனையிலிருந்து சில மீட்டர் தூரத்துக்கு எந்த வண்டியும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே குடியிருப்பவர்களுக்கு அனுமதி அட்டை கொடுப்பதென்றால் அதற்கும் ஒரு கட்டணம் இருக்கட்டும். எங்கள் இரண்டாவது காரையும் தெருவில் இலவசமாக நிறுத்திக்கொண்டு வெளியூர்க்காரரிடம் மட்டும் பணம் கேட்பது நியாயமாகாது. இதைச் சொன்னதற்காக எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் இதுவே என் கருத்து.

இந்தப் பேச்சுகளில் யாருமே குறிப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். கடற்கரையின் வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம் இருக்கிறது. தெற்கே ஓடைக்குப்பம் இருக்கிறது. பெசன்ட் நகர் என்ற பெயர் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த மீனவர்கள், கரைக்கு வந்த மீனைக் கொண்டுபோக வரும் மூன்று சக்கர வண்டிகளுக்கும், வலைகளை ஏற்றிவரும் வண்டிகளுக்கும் கட்டணம் கட்ட வேண்டிய நிலை ஒருபோதும் வரக் கூடாது. சுண்டல், மாங்காய், சுட்ட சோளம் விற்கிறவர்களில் பலர் சரக்கை இருசக்கர வாகனத்தில் கொண்டுவந்து இரவு வரை அங்கேயே நிறுத்துகிறார்கள். மணிக்கு 5 ரூபாய் என்றால் ஏழு மணி நேரத்துக்கு 35 ரூபாய், மாதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். நான் வழக்கமாகச் சுண்டல் வாங்கும் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "வண்டிய எங்கனா வுட்டுக்கலாம் சார், கார் கொறைஞ்சா ஜனம் கொறையுமா, அதச் சொல்லு" என்றார். ஒரே கார் ஐந்து மணி நேரம் நிற்பதற்குப் பதில் மூன்று கார்கள் மாறி மாறி வந்தால் அவருக்கு வியாபாரம் கூடும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நினைப்பை நம்பி அவருடைய பிழைப்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. பதிவு பெற்ற சாலையோர வியாபாரிகளுக்குக் கட்டணமில்லா அட்டை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கு, நடைபாதைக்கு மிக அருகில், இலவச இடம் வேண்டும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை இங்குள்ள வேளாங்கண்ணி மாதா கோயிலில் நடக்கும் திருவிழாவின்போது, காவி உடுத்து நடந்தே வருகிறவர்களால் எங்கள் தெருக்கள் நிறைந்துவிடுகின்றன; அந்த நாள்களில் கட்டணத்தைப் பற்றி யோசிப்பதைவிட வண்டிகளைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவதுதான் சரி.

இனி, பணம். கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ஒரு பழைய கடைவீதி உண்டு. பாழடைந்து கிடந்த அந்த வீதியில் வண்டி நிறுத்தக் கட்டணம் வைக்க நகராட்சி முனைந்தபோது, இருக்கிற வாடிக்கையாளரும் ஓடிவிடுவார்கள் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். கிடைக்கும் பணம் முழுவதையும் அந்த வீதிக்கே செலவிடுகிறோம் என்று நகராட்சி வாக்குக் கொடுத்தது, எதிர்ப்பு அடங்கியது, 1993இல் கட்டணக் கருவிகள் வந்தன. நடைபாதையும் விளக்குகளும் மரங்களும் அந்தப் பணத்தில் சீரமைக்கப்பட்டு, வீதி மீண்டும் உயிர்பெற்றது. நிறுத்தக் கட்டணத்தைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப் திரும்பத் திரும்பச் சுட்டிய எடுத்துக்காட்டு இது. கட்டணம் பொதுக் கணக்கில் போய்க் கரைந்தால் அது இன்னொரு வரி என்று மக்கள் வெறுப்பார்கள்; தாம் கொடுத்தது தம் காலடியில் கல்லாகவும் தண்ணீர்க் குழாயாகவும் திரும்பி வந்தால் முணுமுணுப்போடாவது கொடுப்பார்கள்.

எங்கள் கடற்கரைக்கு என்னென்ன தேவை என்று எவரும் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய, இரவு பத்து மணி வரை ஆள் இருந்து கழுவும் கழிப்பறை வேண்டும். குடிநீர் வேண்டும். அலையின் இழுப்பு தெரியாமல் இறங்கி உயிரிழக்கும் இளைஞர்களைத் தடுக்க, கூடுதலான உயிர்காப்பாளர்கள் வேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. சாலை விளக்குகளின் வெளிச்சம் மணலில் விழாதபடி மறைப்புகள் வேண்டும், ஏனெனில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, திருவான்மியூர், இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையங்களிலிருந்து கடற்கரைக்கு, வார இறுதி மாலைகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்து வேண்டும். 2007இலிருந்து அந்த நிலையங்களில் ரயில்கள் நிற்கின்றன. ஆனால் அங்கே இறங்கிக் கடற்கரைக்கு வர, இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டியிருக்கிறது. காரை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறவர்கள், வருவதற்கு வழியும் காட்டியாக வேண்டும்.

நான் கையெழுத்திட்ட அந்தப் பழைய மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் புதிய மனு ஒன்றை எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறேன். அதில் இரண்டு கோரிக்கைகளே உள்ளன: கடற்கரைச் சாலையில் வசூலாகும் தொகையையும் அதில் கடற்கரைக்குச் செலவான தொகையையும் மாதந்தோறும் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு எதிரே ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும், முதல் ஆண்டு வருவாயிலிருந்து அந்தச் சிற்றுந்தைத் தொடங்க வேண்டும். இதுவரை பதினொரு வீடுகளில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் ஊரூர் குப்பத்துக்கும் போய்க் கேட்கவிருக்கிறேன்.